இரண்டு கையாலும் கொடுத்தது

"வெள்ளைத் தாள் வேண்டாம்னு எத்தனை தடவை சொல்றது அண்ணி? அவங்க ஊர்ல அது சாவு வீட்டு நிறம்!"

குட்டியின் சத்தத்தில், பசை தடவிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பாதி சுற்றிய பெட்டியோடு அண்ணியின் கை அப்படியே நின்றது.

"எனக்கென்ன தெரியும் குட்டி? வெள்ளை சுத்தினா எடுப்பா இருக்கும்னு உங்க அண்ணன்தான் எடுத்துக் குடுத்துட்டுப் போனார்."

"அவர் எடுத்துக் குடுத்தா அப்படியே சுத்திடுவீங்களா?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்து அவர் எடுத்துக் குடுத்ததை எதைத்தான் நான் வேண்டாம்னு சொல்லியிருக்கேன்?"

அதற்குமேல் குட்டியால் சண்டை போட முடியவில்லை. தாளைப் பிரித்து, இளமஞ்சள் தாளை எடுத்து, அவளே உட்கார்ந்து சுற்றினாள்.

குட்டி என்பது வீட்டுப் பெயர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பட்டறையில் அத்தனை பேருக்கும் அவள் மேடம். அண்ணனுக்கும் அண்ணிக்கும் மட்டும் இன்னும் குட்டி. போன வாரம் இதே பட்டறையில், கணக்குப்பிள்ளை முன்னால் அண்ணன் அவளிடம் சொன்னது அவளுக்கு இன்னும் மறக்கவில்லை: "நீ லெட்டர் எழுது, போதும். வியாபாரம்னா என்னன்னு எனக்குத் தெரியும்." அதிலிருந்து இருவருக்கும் தேவைக்கு மட்டும்தான் பேச்சு.

அவர்களுடையது பரிசுப் பெட்டிகள் செய்கிற பட்டறை. உள்ளே வைக்கிற பொருளைவிடப் பெட்டி அழகு என்று அப்பா காலத்திலேயே பெயர் வாங்கியது. கடல் தாண்டியிருக்கும் வாசனைத் திரவியக் கம்பெனி ஒன்றுக்கு குட்டி மூன்று வருடமாகக் கடிதம் எழுதி, மாதிரி அனுப்பி, திருப்பி அனுப்பப்பட்டதைத் திருத்தி, இன்றைக்கு அந்தக் கம்பெனியின் டைரக்டரம்மாவே நேரில் வருகிறார். அவர் தலையை ஆட்டிவிட்டால் அடுத்த சில வருடங்களுக்குப் பட்டறையில் மெஷின் ஓயாது. ஆட்டாவிட்டால், இந்த ஆர்டரை நம்பி வாங்கிப்போட்ட புது மெஷின் பிளாஸ்டிக் உறையோடு நிற்க வேண்டியதுதான்.

சுற்றி முடித்த பெட்டியைத் தன் மேஜைமேல் வைத்தாள் குட்டி. உள்ளே இருந்தது கடிதத்தாள் கட்டு. பட்டறையில் வெட்டி மிஞ்சும் நல்ல தாள்களைத் தானே தேர்ந்தெடுத்து, ஓரம் மடித்து, உறைகளோடு அடுக்கியிருந்தாள். விலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அதற்காகத்தான் அதைச் செய்தாள். அந்த ஊரில் விலை கூடின பரிசு மரியாதை ஆகாது. வாங்கியவர் அதே அளவுக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். செய்ய முடியாததைக் கொடுப்பது அவர் தலையில் பாறாங்கல்லை ஏற்றுகிற மாதிரி. இதையும், விலை உயர்ந்த பரிசு வாங்கக் கூடாது என்ற கம்பெனி விதியையும் அவள் பல பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, நேற்று அண்ணனிடமும் எடுத்துச் சொன்னாள்.

அண்ணன் செல்போனைப் பார்த்துக்கொண்டே "ம்" என்றான்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது. குட்டி புடவையைச் சரிசெய்துகொண்டு மாடிப்படி இறங்கி ஓடினாள். அண்ணன் பின்னாலேயே வருகிறான் என்றுதான் நினைத்தாள். அவன் வர ஐந்தாறு நிமிடம் தாமதமானது. வந்தபோது பெட்டி அவன் கையில் இருந்தது.

"நீ மறந்துட்டு வந்துட்ட," என்றான்.

* * *

டைரக்டரம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். சாம்பல் நிறக் கோட்டு, கழுத்தில் ஒன்றுமில்லை, கையில் ஒன்றுமில்லை. அவர் பேசுவது குட்டிக்குப் புரியாது. குட்டி பேசுவது அவருக்குப் புரியாது. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர். இங்கேயே பல வருடம் தங்கி வேலை பார்த்தவர், நம்மைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். எப்போதும் டை, எப்போதும் சிரிப்பு. அண்ணன் அவருக்கு வைத்த பெயர் துபாஷி. குட்டியின் கடிதங்கள் எல்லாம் மூன்று வருடமாக அவர் கைவழியாகத்தான் போய் வந்தன.

அம்மாள் பட்டறையை அவசரப்படாமல் பார்த்தார். பஞ்சிங் மெஷினின் சத்தத்துக்கு முகம் சுளிக்கவில்லை. பசை காய்ச்சுகிற இடத்தில் நின்று முகர்ந்து பார்த்தார். முடிந்த பெட்டி ஒன்றை எடுத்து மூடியைப் பொருத்தி விரலை விட்டார். மூடி தன் பாட்டுக்கு, காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு, அலுங்காமல் இறங்கி உட்கார்ந்தது. அம்மாள் முகத்தில் முதல் தடவையாகச் சின்னச் சிரிப்பு. குட்டிக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது.

அலுவலக அறையில் உட்கார்ந்ததும் அம்மாள் தன் பையிலிருந்து துணியில் முடிந்த ஒரு பொட்டலத்தை எடுத்தார். எழுந்து நின்றார். அண்ணன் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

அம்மாள் அவனைத் தாண்டிப் போய், குட்டியின் முன்னால் நின்று, இரண்டு கையாலும் நீட்டினார்.

"இத்தனை நாள் தனக்குக் கடிதம் எழுதியவருக்கு முதல் மரியாதை என்கிறார்," என்றார் துபாஷி.

குட்டி இரண்டு கையாலும் வாங்கினாள். நீட்டின அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் காதைச் சொறிந்தான். முகம் கறுத்துவிட்டது.

"என்ன இருக்குன்னு பாத்துடுவோமே!" என்று தங்கையின் கையிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கி, முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் இழுத்தான்.

"அண்ணா, அவங்க முன்னாடி பிரிக்கக் கூடாது..."

"அட, நம்ம வீட்டுக்கு வந்த பொருளை நாம பிரிக்கறதுக்கு யாரைக் கேக்கணும்?"

உள்ளே அழகான சின்ன மரக் கிண்ணம். அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்கிற மாதிரி மேஜைமேல் வைத்தான். டக்கென்று சத்தம் கேட்டது. அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

குட்டிக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு, மஞ்சள் தாள் சுற்றிய பெட்டியை எடுத்து, எழுந்து நின்று, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அம்மாள் தலையை அசைத்து மறுத்தார்.

"வேண்டாம் என்கிறார்," என்றார் துபாஷி.

"வேண்டாமா? ஏன், என்னவாம்?" அண்ணன் பதறினான்.

"சும்மா இரு அண்ணா." இரண்டு தடவை மறுப்பது அவர்கள் ஊர் நாகரிகம். நம் வீடுகளில் சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் "இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்கிற மாதிரி. குட்டி மறுபடி நீட்டினாள். மறுபடி மறுப்பு. மூன்றாவது தடவை அம்மாள் நேராக அவள் கண்ணைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"எங்கள் கம்பெனியில் விலை உயர்ந்த எதையும் வாங்கக் கூடாது என்று கடுமையான விதி. இது சின்னப் பொருள்தானா என்று கேட்கிறார்."

"எங்க பட்டறைத் தாள்ல நானே செஞ்ச கடுதாசிக் கட்டு. வேற எதுவுமே இல்ல. என் வார்த்தையை நம்பி வாங்கிக்கச் சொல்லுங்க."

அம்மாள் தலை தாழ்த்தி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிரிக்காமல் பைக்குள் வைத்தார்.

குட்டி அப்போது அண்ணனைத் திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

* * *

அவர்கள் ஓட்டலுக்குத் திரும்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. துபாஷியின் போன் வந்தது. "மேடம், நீங்க மட்டும் உடனே வரணும். அம்மா ரொம்பக் கோபமா இருக்காங்க. பெட்டியைத் திறந்து பார்த்தாங்க."

"கடுதாசிதானே சார் இருந்தது?"

"நீங்களே வந்து பாருங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அண்ணன் அறை வாசலில் நின்றான். வாயில் போட்ட பாக்கை மெல்வதை நிறுத்தியிருந்தான்.

"என்னவாம்?"

"பெட்டிக்குள்ள என்ன வச்ச?"

"நான் எங்க..."

"பெட்டிக்குள்ள என்ன வச்சன்னு கேட்டேன் அண்ணா."

அவன் கதவைச் சாத்தினான். "சின்னதா ஒரு வளையல். தங்கம். அதுக்குப் போய் இப்படிக் குதிக்கறியே!"

குட்டி அந்தப் பெட்டியை மனதுக்குள் திருப்பிப் பார்த்தாள். நன்றாக ஒட்டி, மடித்துச் சுற்றியிருந்த பெட்டி அது. ஒரு சுருக்கம்கூடத் தெரியவில்லையே! ஆனால் முப்பது வருடமாகப் பெட்டி செய்கிறவனுக்குப் பெட்டியைத் திறந்து மூடத் தெரியாதா?

"நேத்து அவ்வளவு சொன்னேனே! அவங்க அதை அவமானமா எடுத்துப்பாங்க, கம்பெனி விதி வேற இருக்குன்னு சொன்னேனே!"

"விதி! எந்தக் கம்பெனியில இல்ல விதி? வெளியில போர்டு மாட்டி வச்சிருப்பான், உள்ள போனா மேஜை டிராயரைத் திறந்து வச்சிட்டு உக்காந்திருப்பான். நீ ஏசி ரூம்ல உக்காந்து லெட்டர் எழுதற. நான் எத்தனை ஆபீஸ் வாசல்ல காத்துக் கிடந்திருக்கேன் தெரியுமா? எத்தனை பேர் பொண்ணு கல்யாணத்துக்குச் சீர் மாதிரி கொண்டுபோய்க் குடுத்திருக்கேன் தெரியுமா? அப்பா விட்டுட்டுப் போனப்ப இந்தப் பட்டறையில ஓடற மெஷின் ஒண்ணே ஒண்ணு. இன்னிக்கு இத்தனை பேர் சாப்பிடறாங்கன்னா அது உன் கடுதாசியாலயா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, ஆனது ஆச்சு," அவன் குரலை இறக்கினான். "இப்ப போய் நீ குடுத்ததா சொல்லிடு."

"என்னது?"

"பொம்பளைக்குப் பொம்பளை ஆசையா குடுத்தேன்னு சொல்லு. பழக்கத்துல குடுத்ததா போயிடும். கம்பெனி குடுத்ததா ஆனாத்தான் தப்பு. ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா அந்தம்மா மனசு இளகிடும்."

"அந்தம்மா என் கண்ணைப் பார்த்துக் கேட்டாங்க அண்ணா. வேற எதுவும் இல்லன்னு சொன்னேன். என் வார்த்தைன்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் நின்ன. ஒரு இருமல் இருமியிருக்கலாமே! இப்ப போய் நான்தான் வச்சேன்னு சொன்னா, நான் யாரு? பச்சையாப் புளுகின திருட்டுப் பய மக!"

"அப்பாவை இழுக்காத."

"இழுப்பேன். அவர் இருந்திருந்தா இந்நேரம் உன் கன்னம் பழுத்திருக்கும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கணக்குப்பிள்ளை எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவது போல வெளியே போய்விட்டார். குட்டி கார் சாவியை எடுத்தாள்.

"பொறு, நானும்..."

"என்னைத்தான் வரச் சொன்னாங்க. நீ வந்தா அங்க இன்னும் எதையாவது கிழிச்சுப் பாப்ப."

* * *

ஓட்டலின் கீழ்த்தளத்தில், யாரும் இல்லாத மூலையில், டைரக்டரம்மா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். எதிரே மஞ்சள் தாள் நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. பெட்டி திறந்திருந்தது. கடிதத்தாள் கட்டின்மேல் வளையல்.

குட்டி அதைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

யாரும் உட்காரச் சொல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

அது கடையில் வாங்கிய வளையல் இல்லை. ஒரு பக்கம் தேய்ந்து மெலிந்திருந்தது. அவளைப் பெற்ற அம்மாவின் கை ஒரு நாள் கதவிடுக்கில் மாட்டி வளையல் நசுங்கி, தட்டான் தட்டி நிமிர்த்திக் கொடுத்த இடத்தில் இன்னும் அந்தச் சொட்டை. அம்மா சாகிறவரைக்கும் கழற்றாத ஜோடி. "எனக்கப்புறம் இது குட்டி கைக்குத்தான்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டுப் போன ஜோடி. வீடு மாறுகிற சமயத்தில், பத்திரமாக இருக்கட்டும் என்று அண்ணன் வீட்டு பீரோவில் அவளே கொண்டுபோய் வைத்தாள்.

அம்மாள் பேசத் தொடங்கினார். குரல் உயரவில்லை. துபாஷி அதைத் தமிழாக்கினார்.

"இதற்குச் சமமாக நான் எதைத் திருப்பித் தர முடியும்? தர முடியாது என்று தெரிந்தே கொடுத்தால் அது பரிசு இல்லை, விலை. என்னை விலைக்கு வாங்க நினைத்தீர்கள். அதைவிட, வேறு எதுவும் இல்லை என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். உங்கள் பெட்டிகளைவிட உங்கள் வார்த்தையை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

குட்டிக்குக் கண்ணீர் வரவில்லை. கண்ணீர் வரவேண்டிய இடத்தில் கொதிப்புதான் இருந்தது. அண்ணன் சொல்லிக்கொடுத்த பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதைச் சொன்னால் ஒருவேளை ஆர்டர் தப்பிக்கும். அந்தப் பெண்கள் பசை தடவிக்கொண்டிருப்பார்கள். புது மெஷின் ஓடும்.

"அம்மாகிட்ட சொல்லுங்க," என்றாள். "இதை வச்சது நான் இல்ல. என் அண்ணன். எனக்குத் தெரியாம வச்சார். நான் சொன்ன வார்த்தை எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் உண்மை. இந்த வளையல் செத்துப்போன எங்க அம்மாவோடது. எனக்குன்னு அவங்க விட்டுட்டுப் போனது. எனக்கே சொல்லாம எடுத்து இதுல வச்சிருக்கார். நடந்தது எங்க வீட்டுத் தப்பு, அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கறேன். ஆனா நான் பொய் சொன்னேன்னு மட்டும் அவங்க நினைக்க வேண்டாம். ஆர்டர் இல்லன்னாலும் பரவாயில்ல."

துபாஷி தலையை ஆட்டினார். அம்மாளிடம் திரும்பி ஒரு வாக்கியம் சொன்னார். ஒரே ஒரு வாக்கியம்.

"அவ்வளவுதானா? நான் அத்தனை பேசினேனே சார்?"

"அவங்க பாஷை சுருக்கமான பாஷை மேடம்," என்று சிரித்தார்.

உண்மையைக் கேட்டால் அம்மாளின் முகம் கொஞ்சமாவது இளகும் என்று எதிர்பார்த்தாள் குட்டி. இளகவில்லை. இருந்த கொஞ்சமும் இறுகியது. அம்மாள் எழுந்தார். வளையல் கிடந்த பெட்டியை மேஜையின் குறுக்கே குட்டியை நோக்கித் தள்ளினார். ஒரே கையால்.

"நாளைக் காலையில் கிளம்புகிறோம் என்கிறார்," என்றார் துபாஷி.

* * *

அண்ணன் வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. அண்ணன் கூடத்தில் சோபாவில் உட்கார்ந்திருந்தான். டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

குட்டி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பையிலிருந்து வளையலை எடுத்து அவன் எதிரே டீப்பாயில் வைத்தாள்.

"இது யாரோடது?"

அவன் ரிமோட்டைத் தேடினான்.

சமையலறையிலிருந்து அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வளையலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "இது அத்தை வளையலாச்சே! பாலிஷ் போடணும்னு சாவி வாங்கிட்டுப் போனீங்களே, அதுக்கா?" மாமியாரைச் சாகும்வரை அத்தை என்றே கூப்பிட்டவள் அவள்.

"திருப்பி வாங்கிக் குடுத்துடலாம்னுதான்... இதைவிடக் கனமா, புதுசா..."

"அம்மா கையைத் திருப்பி வாங்கிக் குடுப்பியா?" குட்டியின் குரல் உடைந்தது. உடைந்ததற்காக இன்னும் கோபம் வந்தது. "உன் பொருளைக் குடுத்தா உன் இஷ்டம். உன் வாட்சைக் குடுத்திருக்கலாம். உன் செயினைக் கழட்டிக் குடுத்திருக்கலாம். என்கிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான், அதைத்தான் உன் கண்ணு தேடிச்சா? அதையும் என் கையாலயே குடுக்க வச்சியே! என் வாயாலயே ஒண்ணும் இல்லன்னு சொல்ல வச்சியே!"

"கத்தாத. பக்கத்து வீட்டுல..."

"கேக்கட்டுமே! ஊரே கேக்கட்டும்!"

அண்ணி இருவரையும் விட்டுவிட்டு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. இழுப்பறை இழுக்கும் சத்தம். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவள் கையில் சிவப்புத் துணிப் பை, காலியாகத் தொங்கியது.

"ஜோடியாத்தானே குட்டி வச்சா? இன்னொண்ணு எங்கங்க?"

அண்ணன் டிவியைப் பார்த்தான்.

"உங்களைத்தான் கேக்கறேன்." இத்தனை வருடத்தில் அந்தக் குரலை அவன் கேட்டதில்லை. குட்டியும் கேட்டதில்லை. "நானும்தான் பொய்க்காரி ஆயிட்டேன். பத்திரமா இருக்கு, பத்திரமா இருக்குன்னு இவ கேக்கறப்பல்லாம் சொன்னது நான். இன்னொண்ணு எங்க?"

"அது போன வருஷமே போச்சு."

"யாருக்கு?"

நெற்றியைத் தேய்த்தான். தேய்த்துக்கொண்டே சொன்னான். "துபாஷிக்கு."

குட்டிக்கு முதலில் புரியவில்லை.

"மாதிரியெல்லாம் திரும்பித் திரும்பி வந்துச்சு இல்ல? அப்ப அவன் என்னைத் தனியா பார்த்தான். லெட்டரை எப்படி மாத்திச் சொல்றதுங்கறது என் கையிலதான் இருக்குன்னான். கையில பணமா வாங்க மாட்டேன்னான். அதான்... குடுத்தேன். குடுத்ததுக்கப்புறம் மாதிரி பாஸ் ஆச்சா இல்லியா? நீயே சொல்லு." கடைசி வார்த்தைகளில் அவனுக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது.

"மாதிரி பாஸானது நான் மூடியைத் திருத்தினதால!"

"இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? இந்தத் தடவையும் அவன்தான் சொன்னான். அந்தம்மாவுக்கும் அதே ஜோடியில இருக்கற இன்னொண்ணைக் குடுத்துடுங்க, மேல பேசாம கையெழுத்துப் போடுவாங்கன்னு. விதியெல்லாம் சும்மா, ஊர் கண்ணுக்குன்னான். அவங்க ஆளே சொல்றான்னா நான் நம்ப மாட்டேனா?"

குட்டி அப்போதுதான் சோபாவில் உட்கார்ந்தாள்.

அம்மாளின் கோபம் எப்படி இருக்கும் என்று அந்த மனிதனுக்குத் தெரியாதா? இரண்டு தடவை மறுப்பதிலிருந்து பெட்டியைப் பிரிக்கிற இடம்வரைக்கும் அத்தனையும் தெரிந்தவன். வளையல் உள்ளே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே, "சின்னப் பொருள்தானா என்று கேட்கிறார்" என்று சிரித்த முகத்தோடு கேட்டான். ஆர்டர் இவர்களுக்கு வரக் கூடாது என்று நினைக்கிற வேறு யாரோ அவனுக்குப் பெரிய வளையலாகப் போட்டிருக்க வேண்டும்.

"மடியில பூனையைக் கட்டிக்கிட்டு சகுனம் பார்த்திருக்கோம்," என்றாள் அண்ணி.

குட்டிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அத்தனை பேச்சுக்கு ஒரே வாக்கியம். உண்மையைக் கேட்ட பிறகு இன்னும் இறுகிப்போன அம்மாளின் முகம். அந்த ஒரு வாக்கியத்தில் அவன் என்ன சொல்லியிருப்பான்? 'ஆமாம், நான்தான் வைத்தேன்' என்றா? 'இது போதாவிட்டால் இன்னும் தருகிறேன்' என்றா? மூன்று வருடக் கடிதங்களில் எது அவளுடையது, எது அவனுடையது?

எழுந்தாள். வளையலை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். அம்மாவின் கை அவளுடையதைவிடச் சின்னது. விரல் முட்டித் தோல் சிராய்ந்து எரிந்தது. இழுத்து ஏற்றினாள்.

"கிளம்பு அண்ணா."

"எங்க?"

"ஓட்டலுக்கு. அவங்க நாளைக்குக் காலையில போயிடுவாங்க."

"போய்? என்ன பாஷையில பேசுவ? அவன் வாயிலதான் எல்லாம் போகணும்."

"நான் பேசப் போறதில்ல. நீ அந்தம்மா முன்னாடி நின்னு, அவன்கிட்ட கையை நீட்டி, இதோட ஜோடியைத் திருப்பிக் குடுன்னு கேக்கப் போற. என் கையைக் காட்டிக் கேளு. அவன் மூஞ்சி போற போக்கைப் பார்த்து அவங்களே புரிஞ்சுப்பாங்க. அதைத் தமிழ்லருந்து யாரும் மாத்திச் சொல்ல வேண்டாம்."

"அப்படிக் கேட்டா நான் குடுத்தேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் குட்டி. அந்தம்மா கம்பெனிக்கு எழுதிட்டா இனி எவனும் நமக்கு ஆர்டர் தர மாட்டான். என் மானம்..."

"உன் மானத்துக்குத்தான் மத்தியானம் என் மானத்தைக் கேட்ட. இல்லன்னு சொல்லு."



அண்ணி போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். "நீங்க வரலைன்னா நான் போறேன். சாவியை எடுத்துக் குடுத்தது நான்தானே, நானே போய்க் கேக்கறேன். அப்புறம் திரும்பி இந்த வீட்டுக்குத்தான் வருவேனான்னு மட்டும் இப்ப கேக்காதீங்க."

சட்டை அவன் மடியில் கிடந்தது. அதை எடுத்து ஒரு தடவை உதறினான். பிறகு எழுந்து போட்டான். பித்தான்களை மாற்றிப் போட்டான். அண்ணி திருத்திவிடவில்லை.

வாசலுக்கு வந்து மூவரும் காரில் ஏறினார்கள். ஸ்டியரிங்கில் குட்டி, பக்கத்தில் அண்ணன், பின்னால் அண்ணி. குட்டி சாவியைத் திருகப்போன நேரத்தில் அண்ணனின் சட்டைப் பையில் போன் அடித்தது.

எடுத்துப் பார்த்தான். திரையின் வெளிச்சத்தில் அவன் முகம் வெளுத்திருந்தது. போனைத் தங்கையின் பக்கம் திருப்பிக் காட்டினான். துபாஷி.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்கட்டுமா?" என்றான். எதற்கும் அவளிடம் அனுமதி கேட்டிராத அண்ணன்.

"எடு," என்றாள் குட்டி. "ஸ்பீக்கர்ல போட்டு எடு."